“ஏன் சில நாள் மட்டும், சார்?” – மின்மாற்றித் தெவிட்டலையும் தொடர் மின்தேக்கியையும் விரிதாளில் கற்பித்தல்

எங்கள் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் வாசலோரம் பழைய ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. காலையில் அதன் பொத்தானைப் போட்டால் சில நாள் ‘ம்ம்ம்’ என்று பெரிதாக உறுமிவிட்டு அடங்கும். சில நாள் உறுமலே இல்லாமல் ஓடத் தொடங்கும். வாரத்தில் ஒரு நாளாவது சுவரில் உள்ள எம்.சி.பி. ‘டக்’கென்று விழுந்துவிடும். மீண்டும் தூக்கிவிட்டால் ஒன்றும் ஆகாது.

12ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார்: “ஏன் சார் இது சில நாள் மட்டும் விழுது?”

“லோடு அதிகமா இருக்கும்பா” என்றேன்.

“கம்ப்யூட்டர் எதையும் இன்னும் போடலையே சார்.”

அவர் சொன்னது சரி. ஸ்டெபிலைசரின் வெளியீட்டில் அப்போது எதுவுமே இணைக்கப்பட்டிருக்கவில்லை. சுமையே இல்லாத மின்மாற்றி, சுமையோடு இருக்கும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் ஏன் இழுக்க வேண்டும்? அதுவும் ஏன் சில நாள் மட்டும்? பல ஆண்டுகளாக மாறுதிசை மின்னோட்டப் பாடம் நடத்தி வந்த எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. காரணம், நம் பாடநூலில் உள்ள மின்மாற்றி எப்போதோ இயக்கப்பட்டு, நெடுநேரமாக ஓடிக்கொண்டிருக்கும் மின்மாற்றி. பொத்தானைப் போடும் அந்தக் கணம் அங்கே இல்லை.

அந்தக் கேள்வியில் தொடங்கிய வேலை, கனடாவின் கியூபெக் மாகாணத்து 735 கிலோவோல்ட் மின்தடங்கள் வரை எங்களை இழுத்துச் சென்றது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு கணினியும் விரிதாள் மென்பொருளும்தான். நடுவில் நானே வகுப்பில் ஒரு தவறான முடிவை உண்மை என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதையும் இதில் உண்டு. இயற்பியல் ஆசிரியர்கள் முழுமையாகச் செய்து பார்க்கலாம். கணிதம், கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்லப்படும் எதையும் வீட்டு மின்சாரத்திலோ ஆய்வகப் பிளக்கிலோ செய்துகாட்ட வேண்டாம். குறுக்குச்சுற்றைச் செய்து பார்த்துக் கற்க முடியாது என்பதால்தான் மின்வாரியப் பொறியாளர்களும் அதைக் கணினியில் பாவிக்கிறார்கள்.

பொத்தானைப் போடும் கணம்

ஃபாரடே விதிப்படி சுருளுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், உள்ளகத்தின் காந்தப்பாயம் மாறும் வீதத்தை முடிவு செய்கிறது. திருப்பிச் சொன்னால், பாயம் என்பது மின்னழுத்தத்தைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போனால் வருவது. மாணவரிடம் ‘தொகையீடு’ என்பதைவிட ‘உண்டியல்’ என்று சொல்லிப் பாருங்கள். மின்னழுத்தம் நேர்க்குறியாக இருக்கும் வரை உண்டியலில் காசு விழுகிறது. எதிர்க்குறியானதும் காசு எடுக்கப்படுகிறது.

மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் பொத்தானைப் போட்டால், உண்டியலில் கால் சுற்றுக்குத்தான் காசு விழும். பிறகு எடுக்கத் தொடங்கிவிடும். பாயம் +1க்கும் −1க்கும் நடுவே ஊசலாடும். (இயல்பான உச்சப் பாயத்தை 1 என்று வைத்துக்கொள்கிறோம்.) ஆனால் மின்னழுத்தம் சுழியில் இருக்கும் கணத்தில் போட்டால், முழு அரைச்சுற்றுக்கும் காசு விழுந்துகொண்டே இருக்கும். பாயம் 0வில் தொடங்கி 2 வரை ஏறி, மீண்டும் 0வுக்கு இறங்கும். அதாவது இயல்பைப் போல இரு மடங்கு.

பாயம் இரு மடங்கானால் மின்னோட்டமும் இரு மடங்குதானே? இரும்பு ஒழுங்காக நடந்துகொண்டால் அப்படித்தான். ஆனால் காந்தத் தயக்கக் கண்ணி வரையும்போது மேல் ஓரத்தில் வளைகோடு படுத்துவிடுவதை நாமே கரும்பலகையில் வரைகிறோம். அதுதான் தெவிட்டல். அதற்கு மேல் இரும்பு உதவாது; பாயத்தைச் சற்றே கூட்டவும் மிகப் பெரிய மின்னோட்டம் தேவை. மின்மாற்றிகளை வடிவமைப்பவர்கள் செலவு கருதி இந்த வளைவை இயல்புப் பாயத்துக்குச் சற்று மேலேயே வைக்கிறார்கள். 1.2 என்பது கணக்குகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு. பாயம் 2ஐத் தொட்டால் வளைவைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது என்று பொருள்.

‘சில நாள் மட்டும்’ என்பதற்கு விடை இதுதான். நம் விரல் பொத்தானை அழுத்தும் கணம் 20 மில்லிநொடிச் சுற்றில் எங்கே விழுகிறது என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். இன்னொன்றும் உண்டு. முந்தைய நாள் அணைத்தபோது இரும்பில் கொஞ்சம் காந்தம் எஞ்சியிருக்கலாம். அது 0.7 அளவு என்றால் உண்டியல் காலியாக இல்லாமல் 0.7இல் தொடங்குகிறது, பாயம் 2.7 வரை போகும்.

விரிதாளில் நான்கு நெடுவரிசைகள்

லிப்ரே ஆபிஸ் கால்க், எக்செல் எதுவானாலும் சரி. மின்னழுத்தத்தின் உச்சம், பாயத்தின் இயல்பு உச்சம், மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டத்தின் உச்சம் ஆகிய மூன்றையும் 1 என்று வைத்துக்கொள்வோம். மின்பொறியாளர்கள் அன்றாடம் செய்வதும் இதுதான். இதனால் வோல்ட், ஆம்பியர் தொல்லை இல்லை. காலத்தையும் கோணமாகவே எடுத்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற கேள்வியும் எழாது. ஒரு சுற்றை 100 படிகளாக வெட்டினால் ஒரு படி என்பது 2π/100, அதாவது 0.0628 ரேடியன்.

முதல் நெடுவரிசையில் கோணம்: 0, 0.0628, 0.1257 என்று கீழே இழுத்துக்கொண்டே போகலாம். இரண்டாவதில் மின்னழுத்தம்: கோணத்தோடு தொடக்கக் கோணத்தைக் கூட்டி, அதன் சைன் மதிப்பு. மூன்றாவதில் பாயம்: மேல் வரிசையின் பாயத்தோடு, மேல் வரிசையின் மின்னழுத்தத்திலிருந்து மின்தடையில் விழும் பகுதியைக் கழித்து 0.0628ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். மின்தடையை 0.02 என்று எடுத்தோம். எனவே கழிக்க வேண்டியது 0.02 × மேல் வரிசை மின்னோட்டம். நான்காவதில் மின்னோட்டம்: பாயம் 1.2க்குள் இருந்தால் 0.005 × பாயம். தாண்டினால் 0.006 + (பாயம் − 1.2)/0.3. எதிர்ப்பக்கம் −1.2ஐத் தாண்டினாலும் இதே கணக்கு, குறி மட்டும் மாறும். ‘என்றால்–இல்லையென்றால்’ என்ற நிபந்தனைச் சூத்திரம் கணினி அறிவியல் மாணவர்களுக்குத் தெரிந்ததே.

ஆயிரம் வரிசை இழுத்தால் பத்துச் சுற்று கிடைக்கும். தொடக்கக் கோணத்தைத் தனிக் கட்டத்தில் வைத்துக்கொண்டால், அதை மாற்றியதும் வரைபடம் கண்ணெதிரே மாறும்.

தொடக்கக் கோணம் 90 பாகை, அதாவது 1.5708. மின்னோட்டம் 0.005ஐ ஒட்டியே ஊர்கிறது. வரைபடத்தில் கோடு அச்சோடு ஒட்டிக்கொண்டு தெரியவே தெரியாது. இப்போது தொடக்கக் கோணத்தை 0 ஆக்குங்கள். முதல் சுற்றில் மின்னோட்டம் 2.5 வரை கூராக எழும்புகிறது. சுமையில்லா மின்னோட்டத்தைப் போல 500 மடங்கு. முழுச்சுமை உச்சத்தைவிடவும் இரண்டரை மடங்கு! எல்லா முகடுகளும் ஒரே பக்கம் மட்டுமே. மறுபக்கம் வெறுமை. சுற்றுக்குச் சுற்று முகடு குறைந்து, பத்தாவது சுற்று வாக்கில் ஏறத்தாழ 1க்கு இறங்குகிறது. எங்கள் ஸ்டெபிலைசர் உறுமி அடங்கும் ஓசையின் படம் அது. முதல் வரிசைப் பாயத்தை 0.7 என்று மாற்றினால் முகடு இன்னும் எகிறும். வீட்டு அளவிலான சிறு மின்மாற்றிகளில் நாம் எடுத்துக்கொண்ட 0.3 இன்னும் சிறியதாக இருக்கலாம் என்பதால், எம்.சி.பி. விழுவதில் வியப்பே இல்லை.

இந்த ஒரு வரைபடத்துக்காகவே ஒரு பாடவேளையைக் கொடுக்கலாம். மின்தடையை 0 ஆக்கினால் முகடு குறையவே குறையாது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். “மின்தடை என்றால் இழப்புதானே, அது எதற்கு?” என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

கீழ் வகுப்புகளில் நடத்துவோருக்கு: ஓர் ஆணியைக் காந்தத்தால் 10, 20, 40 முறை ஒரே திசையில் தேய்த்து, ஒவ்வொரு முறையும் அது தூக்கும் குண்டூசிகளை எண்ணச் சொல்லலாம். எண்ணிக்கை ஏறி ஏறி ஓர் இடத்தில் நின்றுவிடும். மின்மாற்றித் தெவிட்டலுக்கு இது முழுப் பொருத்தம் அல்ல. தேய்க்கும் காந்தத்தின் வலிமையும் அங்கே எல்லை போடுகிறது. ஆனாலும் ‘இரும்புக்கும் ஓர் அளவு உண்டு’ என்பது பிள்ளைகள் மனத்தில் பதியும்.

கியூபெக்கில் ஓர் இரவு

அடுத்த வகுப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். தொடக்கக் கோணத்தை 90 பாகையிலேயே வைத்துவிட்டு, மின்னழுத்த நெடுவரிசையில் ஒவ்வொரு மதிப்போடும் 0.002 கூட்டினோம். உச்சத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு, மாறாத நேர்மின்னழுத்தம். ஐம்பது சுற்று, ஐயாயிரம் வரிசை இழுத்தோம். முதல் பதினைந்து சுற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்ன முட்கள் முளைத்தன. கடைசியில் அவை 0.6ஐத் தாண்டின. ஐந்நூறில் ஒரு பங்கு நேர்மின்னழுத்தம், காந்தமாக்கும் மின்னோட்டத்தை நூறு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டது. இம்முறை அது அடங்கவும் இல்லை. நேர்மின்னழுத்தம் இருக்கும் வரை முட்களும் இருக்கும்.

“இப்படி யார் சார் நேர்மின்னழுத்தம் கொடுப்பாங்க?” என்று கேட்டார்கள். சூரியன் கொடுக்கும்.

கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம் 1965 நவம்பரில் உலகின் முதல் 735 கிலோவோல்ட் மின்தடத்தை இயக்கியது. வடக்கே ஆறுகளில் எடுக்கும் நீர்மின்சாரத்தைத் தெற்கே மாண்ட்ரியல் பக்கம் கொண்டுவர வேண்டும். பின்னாளில் ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் எழுந்த லா கிராந்த் நிலையங்களிலிருந்து தூரம் சுமார் 1000 கிலோமீட்டர். அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது மின்னோட்டத்தை எளிதில் விடாத பழங்காலப் பாறை.

1989 மார்ச் 13 அதிகாலை. சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப்புயல் பூமியின் காந்தப்புலத்தை ஆட்டியது. காந்தப்புலம் மாறினால் மின்னியக்கு விசை தூண்டப்படும், மறுபடியும் ஃபாரடேதான். பாறை வழி விடாததால், தூண்டப்பட்ட மின்னோட்டம் நீண்ட மின்தடங்களையும், மின்மாற்றிகளின் புவியிணைப்பையும் வழியாகக் கொண்டது. அந்த மாற்றம் நிமிடக்கணக்கில் நிகழும் மிக மெதுவான மாற்றம். 60 ஹெர்ட்ஸ் மின்மாற்றிக்கு அது கிட்டத்தட்ட நேர்மின்னோட்டமே. நம் விரிதாளில் 0.002 செய்த வேலையைத்தான் அது செய்தது. மின்மாற்றிகள் ஒரு பக்கமாகத் தெவிட்டின. முள் முள்ளான மின்னோட்டம் என்றால் அதில் 60 ஹெர்ட்ஸ் தவிர 120, 180 எனப் பல சீரிசைகள் கலந்திருக்கும். தடத்தின் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஈடுசெய் கருவிகளின் பாதுகாப்பு ரிலேக்கள் இந்தச் சீரிசைகளைப் பழுது என்று எடுத்துக்கொண்டன. ஏழு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. தாங்கிப் பிடிக்க ஆளில்லாத லா கிராந்த் தடங்கள் அறுந்துபோக, சுமார் ஒன்றரை நிமிடத்தில் மாகாணத்தின் மின்கட்டமைப்பே விழுந்தது. 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். கியூபெக்கின் மார்ச் மாதக் குளிர் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

கருவி எதுவும் பழுதாகித் தொடங்கிய விபத்து அல்ல இது. மின்மாற்றி, ரிலே, ஈடுசெய் கருவி ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. அனைத்தும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை முன்கூட்டிப் பார்க்கப் பாவிப்பு எதற்குத் தேவை என்று மாணவர் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தடத்தைக் குறுக்கும் மின்தேக்கி

அந்த இருட்டுக்குப் பிறகு, 1990களில் ஹைட்ரோ-கியூபெக் தன் 735 கிலோவோல்ட் தடங்களில் தொடர் மின்தேக்கிகளைப் பெருமளவில் நிறுவியது. எண்ணம் புதிதல்ல, சுவீடன் 1950இலேயே 220 கிலோவோல்ட் தடத்தில் இதைச் செய்திருந்தது. நம் பாடநூலின் தொடர் சுற்றைக் கரும்பலகையில் போடுங்கள். மின்தூண்டியின் மின்மறுப்பும் மின்தேக்கியின் மின்மறுப்பும் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். நீண்ட தடம் ஒரு பெரிய மின்தூண்டி. அதோடு தொடராக மின்தேக்கி வைத்தால் மின்மறுப்பு குறைகிறது. தடம் ‘குட்டை’யாகிவிட்டது போல நடந்துகொள்ளும்.

கணக்கு சின்னதுதான். 735 கிலோவோல்ட் தடத்தின் மின்மறுப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.352 ஓம். 300 கிலோமீட்டருக்கு 105.6 ஓம். இரு முனை மின்னழுத்தங்களுக்கிடையே கட்டக் கோணம் 30 பாகை இருந்தால், கடத்தப்படும் திறன் = மின்னழுத்தத்தின் இருபடி ÷ மின்மறுப்பு × சைன் 30 பாகை. விடை சுமார் 2560 மெகாவாட். இதில் 40 விழுக்காட்டை மின்தேக்கி கழித்துவிட்டால் மீதி 63.4 ஓம்; அதே கோணத்தில் 4260 மெகாவாட். புதிய கோபுரமும் கம்பியும் இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல்! (தடத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள மின்தேக்குத் திறனை இந்தக் கணக்கில் விட்டுவிட்டோம். வகுப்புக்கு இது போதும்.) தேவைப்படும் மின்தேக்கி 42.24 ஓமுக்கு, 60 ஹெர்ட்ஸில், 62.8 மைக்ரோஃபாரட். மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்ததும் “மின்விசிறி மின்தேக்கியே 2.5 மைக்ரோஃபாரட் சார், இது 25 மடங்குதானா?” என்பார்கள். மின்தேக்குத் திறன் அவ்வளவுதான். தாங்க வேண்டிய மின்னழுத்தமும் மின்னோட்டமும்தான் வேறு.

மின்தேக்கி நேர்மின்னோட்டத்தை விடாது என்பது 12ஆம் வகுப்பின் ஒரு மதிப்பெண் வினா. காந்தப்புயல் ஓட்டும் மெதுவான மின்னோட்டத்துக்கும் அது கதவை அடைத்துவிடுகிறது. ஒரே கருவியில் இரண்டு பயன்.

சிக்கல், தடத்தில் பழுது வரும்போது. ஒரு முனை தரையைத் தொட்டால் பல்லாயிரம் ஆம்பியர் பாயும். அது முழுதும் தொடர் மின்தேக்கி வழியாகத்தான் வந்தாக வேண்டும். இயல்பாக 2000 ஆம்பியர் பாயும்போது 42.24 ஓமில் மின்னழுத்த உச்சம் சுமார் 119.5 கிலோவோல்ட். பழுதில் 10000 ஆம்பியர் என்றால் ஐந்து மடங்கு. அவ்வளவுக்கும் தாங்கும் மின்தேக்கி செய்தால் செலவு கட்டுப்படியாகாது. எனவே துத்தநாக ஆக்சைடாலான மாறுதடை ஒன்றைப் பக்கத்தில் இணையாக வைக்கிறார்கள். இயல்பு உச்சத்தைப் போல 2.5 மடங்கு, அதாவது 298.7 கிலோவோல்ட் வரை அது பேசாமல் இருக்கும். அதைத் தாண்டினால் மின்னோட்டத்தைத் தன் வழியே திருப்பிக்கொண்டு சூடாகும்.

பல பொறியியல் கல்லூரிகளில் பயன்படும் சிமுலிங்க் மென்பொருளில், இதே எண்களோடு கியூபெக் மாதிரித் தடம் ஒன்று எடுத்துக்காட்டாகவே தரப்பட்டிருக்கிறது. ஆறு 350 மெகாவோல்ட்-ஆம்பியர் மின்னாக்கிகள், 600 கிலோமீட்டர் தடம், நடுவில் தெவிட்டக்கூடிய மின்மாற்றி. அதில் ஒரு முனைப் பழுதை ஓட்டினால், சர்க்யூட் பிரேக்கர் திறக்கும் நான்கு சுற்றுக்குள் மாறுதடை 13 மெகாஜூல் வாங்கிக்கொள்கிறது. மும்முனைப் பழுதானால் மூன்றே சுற்றில் 30 மெகாஜூலை எட்டிவிடும். அதற்கு மேல் மாறுதடையே வெடித்துவிடும் என்பதால் பொறி இடைவெளி ஒன்று மின்தேக்கியையும் மாறுதடையையும் சேர்த்துக் குறுக்கிணைத்துவிடும். 30 மெகாஜூலை யூனிட்டாக மாற்றினால் 8.3. வீட்டில் ஒரு நாள் முழுக்க ஓடும் மின்சாரம் இருபதில் ஒரு நொடியில்!

நான் செய்த தவறு

இனி எங்கள் இரண்டாவது விரிதாள். மின்தூண்டியின் மின்மறுப்பு 1, மின்தேக்கியினுடையது 0.4, மின்தடை 0.02. இரண்டே சமன்பாடுகள். மின்னோட்டத்தின் மாற்றம் = (மூல மின்னழுத்தம் − 0.02 × மின்னோட்டம் − மின்தேக்கி மின்னழுத்தம்) × படி. மின்தேக்கி மின்னழுத்தத்தின் மாற்றம் = 0.4 × மின்னோட்டம் × படி.

பழுது நேர்ந்ததும் இந்தச் சுற்று 60 ஹெர்ட்ஸோடு தன் சொந்த அதிர்வெண்ணிலும் ஊசலாடும். அது 60 × √0.4, அதாவது சுமார் 38 ஹெர்ட்ஸ். சொந்த ஊசலை மட்டும் பார்ப்பதற்காக மூல மின்னழுத்தத்தைச் சுழியாக்கி, மின்தேக்கியில் 1 வைத்துத் தொடங்கினேன். பத்துச் சுற்றுகளில் ஊசல் அடங்கும் என்று எதிர்பார்த்தேன். அது வளர்ந்தது! பத்தாம் சுற்றில் முகடு 1.18.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஏனென்றால் அமெரிக்காவின் நெவாடாவில் இருந்த மொஹாவே அனல்மின் நிலையம் பற்றிப் படித்திருந்தேன். தொடர் மின்தேக்கி வைத்த 500 கிலோவோல்ட் தடத்தில் இணைந்திருந்த அதன் மின்னாக்கித் தண்டு 1970 டிசம்பரிலும் 1971 அக்டோபரிலும் முறுக்கு அதிர்வால் சேதமானது. சுற்றின் சொந்த அதிர்வெண்ணை 60இலிருந்து கழித்தால் வருவது, சுழலும் தண்டு உணரும் அதிர்வெண். அது தண்டின் இயல்பான முறுக்கு அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால், தடமும் தண்டும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு ஊசலை வளர்க்கும். “பாருங்கள், மொஹாவேயில் நடந்தது இதுதான்!” என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன்.

வரைபடம் முறிந்து முறிந்து தெரிகிறதே என்று ஒரு மாணவி வீட்டில் படியைப் பாதியாக்கி, 200 படிகளாக வெட்டிக்கொண்டு வந்தார். அவருடைய ஊசல் வளரவில்லை. பத்தாம் சுற்றில் 0.79. “நான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் சார்” என்றுதான் ஆரம்பித்தார்.

அவர் தவறு செய்யவில்லை. என் சுற்றில் மூலமும் இல்லை, சுழலும் தண்டும் இல்லை; மின்தடை மட்டும் இருக்கிறது. ஆற்றல் எங்கிருந்து வந்து ஊசல் வளரும்? ஆற்றல் மாறாக் கோட்பாட்டை 9ஆம் வகுப்புக்கு நடத்தும் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். பிழை கணக்கு முறையில். ஒவ்வொரு படியிலும் பழைய மின்னோட்டத்தையும் பழைய மின்னழுத்தத்தையும் வைத்தே இரண்டையும் முன்னே நகர்த்தியிருந்தேன். வட்டத்தில் ஓடுபவர் ஒவ்வொரு அடியையும் தொடுகோட்டின் வழியே வைத்தால், அடிக்கு அடி வட்டத்துக்குச் சற்று வெளியே போவார் அல்லவா? அதேதான். அடியைச் சிறிதாக்கினால் விலகலும் சிறிதாகும்.

திருத்தம் ஒரே கட்டத்தில் முடிந்தது. மின்னோட்டத்தை முதலில் கணக்கிட்டு, மின்தேக்கி மின்னழுத்தத்துக்கு அந்தப் புதிய மின்னோட்டத்தையே கொடுத்தோம். பழைய 100 படியிலேயே பத்தாம் சுற்று முகடு 0.53 என்று வந்தது. படியைப் பாதியாக்கினாலும் 0.53தான். கையால் மடக்கைக் கணக்குப் போட்டால் கிடைப்பதும் அதுவே. மூன்று எண்களையும், 1.18, 0.79, 0.53, கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, “நேற்று நான் சொன்னது தவறு” என்று சொல்லி, கண்டுபிடித்தவர் பெயரையும் எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் எந்த வரைபடமானாலும் யாராவது ஒருவர் “படியைப் பாதியாக்கிப் பார்த்தாச்சா சார்?” என்று கேட்கிறார்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது, கேட்கட்டும்.

மூலத்தை மீண்டும் இணைத்தால் 60ம் 38ம் கலந்து, விம்மல்களாக ஏறி இறங்கும் மின்னோட்டம் தெரியும். விம்மல் நொடிக்கு 22. இயற்பியலில் ஒலியலைக்கு மட்டும் என்று மாணவர் நினைக்கும் விம்மலை மின்கம்பியில் பார்ப்பது அவர்களுக்குப் புதிது. மொஹாவே தண்டு உணர்வதும் இதுபோன்ற வேறுபாட்டு அதிர்வெண்ணையே என்பதை இங்கே சொன்னால் சரியாகப் பொருந்தும். நான் அவசரப்பட்டது போல முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம்.

வகுப்பில் நேரம் பார்த்துக்கொள்ள: முதல் விரிதாளுக்கு இரண்டு பாடவேளை, நேர்மின்னழுத்தமும் கியூபெக்கும் ஒன்று, இரண்டாவது விரிதாளுக்கு இரண்டு. கணினி குறைவாக இருந்தால் மூவர் ஒரு குழுவாக இருக்கலாம். ஒருவர் விசைப்பலகையில், ஒருவர் சூத்திரத்தைப் படிக்க, ஒருவர் எதிர்பார்ப்பை முன்கூட்டியே நோட்டில் எழுதிவைக்க. எதிர்பார்ப்பை எழுதாமல் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாமே ‘தெரிந்ததுதான்’ என்றாகிவிடும்.

ஸ்டெபிலைசர் கேள்வியைத் தொடங்கிய மாணவரிடம் கடைசியாக, “மின்னழுத்த உச்சத்தில் பொத்தானைப் போட்டால் பிரச்சினையே இல்லை, பார்த்தாயா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “நம்ம தெரு டிரான்ஸ்ஃபார்மர் மும்முனை ஆச்சே சார். மூணும் ஒரே நேரத்தில உச்சத்துல இருக்காதே?”

இருக்காது. முதல் விரிதாளில் மின்னழுத்தம், பாயம், மின்னோட்டம் ஆகிய நெடுவரிசைகளை மூன்று முறை நகலெடுத்து, தொடக்கக் கோணங்களை 120 பாகை தள்ளி வைத்தோம். மூன்று முனைகளும் ஒன்றையொன்று பாதிக்காத தனித்தனி மின்மாற்றிகள் என்று எடுத்துக்கொண்டோம். தொடக்கக் கோணத்தை எப்படித் திருப்பினாலும், மூன்றில் ஒன்றிலாவது பாயம் 0.866 அளவாவது ஒரு பக்கம் சரிந்தே நிற்கிறது. அதன் உச்சம் 1.87ஐ ஒட்டிப் போகிறது, 1.2 என்ற வளைவை வெகுவாகத் தாண்டிவிடுகிறது. மூன்று முனைகளையும் ஒரே கணத்தில் இணைக்கும் வரை இதிலிருந்து தப்ப வழியில்லை. அதனால்தான் பெரிய துணைமின் நிலையங்கள் சிலவற்றில், சர்க்யூட் பிரேக்கரின் மூன்று முனைகளையும் மில்லிநொடிக் கணக்கில் தனித்தனியே தள்ளி மூடும் கட்டுப்பாட்டுக் கருவிகளை வைக்கிறார்கள். எந்த முனையை எத்தனை மில்லிநொடி தள்ளி மூடினால் மூன்று முகடுகளும் மறையும் என்பதை அவருடைய குழு இப்போது தேடிக்கொண்டிருக்கிறது.